வெட்டப்பட்ட யாத்திராகமம்

1807ஆம் ஆண்டு, பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்றே லண்டனில் ஒரு சுருக்க வேதாகமம் அச்சிடப்பட்டது. 1189 அதிகாரங்களில் 232 மட்டுமே அதில் இடம்பெற்றன. ஆதியாகமம் 45ஆம் அதிகாரம் முடிந்ததும் அது நேராக யாத்திராகமம் 19க்குத் தாவிவிடுகிறது. இடையிலுள்ள 23 அதிகாரங்களை எங்கள் வீட்டு வேதாகமத்தில் விரலிடையே பிடித்துப் பார்த்தேன், ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகத்தின் கனம்தான் இருந்தது. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக் களைத்த இஸ்ரவேல் ஜனத்தின் கூக்குரல் கர்த்தருக்குக் கேட்டதும், அவர்களை மீட்க மோசே எகிப்தின் அரசனான பார்வோன் முன் நின்றதும், அவர்கள் தப்பிச் செல்லச் செங்கடல் பிளந்ததும் அந்தப் பக்கங்களில்தான் உள்ளன. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்னும் கலாத்தியர் வசனமும் நீக்கப்பட்டது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனத்தை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள்!

அடிமைகள் கிளர்ந்தெழுந்து ஹெயிட்டியைச் சுதந்திர நாடாக்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்ததால், தோட்ட முதலாளிகளின் அச்சம் புரியாததல்ல. வேதத்தின் வலிமையை விசுவாசிகளைவிட அவர்கள் துல்லியமாக எடைபோட்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களில், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களிடமும் யாத்திராகமம் செவிவழியாகவும் பாட்டாகவும் போய்ச் சேர்ந்தது. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1849இல் தப்பி, பின்பு பலமுறை திரும்பிச் சென்று ஏறத்தாழ எழுபது பேரை மீட்டு வந்த ஹாரியட் டப்மனுக்கு வாசிக்கத் தெரியாது. அவரை மக்கள் மோசே என்றே அழைத்தார்கள்.