ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்றால், எந்த ஆய்வில்?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு, இரும்புக் கிராதிகளுக்கு வண்ணம் பூசுவது ஓயாத செலவு. அண்மையில் அதற்காகக் கடைக்குப் போனபோது, விற்பவர் ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "ஆய்வில் நிரூபிக்கப்பட்டதுங்க, பத்து வருஷத்துக்குத் துரு ஏறாது" என்றார். சர்க்கரை நோய்க்கான ஒரு பொடியின் விளம்பரமும், குழந்தைகளுக்குப் பொறுமையைக் கற்றுத்தரும் ஒரு வகுப்பின் துண்டுப் பிரசுரமும் ஏறக்குறைய அதே வாசகத்தோடு ஏற்கெனவே வீட்டில் கிடந்தன. இரும்பு, உடம்பு, மனம் ஆகிய மூன்றையும் ஒரே வகையான ஆய்வால் அறிந்துவிட முடியும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருப்பதால்தான் இந்த வாசகம் எல்லாச் சரக்குக்கும் பொருந்திவிடுகிறது.

இரும்பை ஆராய்வது எப்படி என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓரளவு தெரிந்த சங்கதி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, ஊர் வழக்கில் சிக்ரிக்கு, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. உலோக அரிப்பு அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. முறை கேட்பதற்கு மிக எளியது. சிறு உலோகத் தகடுகளைச் சுத்தம் செய்து, துல்லியமாக எடை போட்டு, மண்டபம் போன்ற கடலோரத்தில் திறந்த வெளியில் சட்டங்களில் பொருத்தி விட்டுவிடுவார்கள். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எடுத்து, துருவைக் கரைத்து அடி உலோகத்தைப் பெரிதும் தொடாத அமிலக் கரைசலில் கழுவி, மறுபடியும் எடை போடுவார்கள். குறைந்த எடையிலிருந்து, ஆண்டுக்கு எவ்வளவு கனம் கரைகிறது என்பது கணக்காகிவிடும்.

இதில் தகடு யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக அது மெதுவாகத் துருப்பிடிப்பதும் இல்லை. சிக்கல் காலத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள், 35 பாகை வெப்பமுள்ள அடைத்த பெட்டிக்குள் ஐந்து விழுக்காடு உப்புநீரை இடைவிடாமல் தூவிச் சில நூறு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாம்பன் காற்றில் இரும்பு நனைகிறது, காய்கிறது, வெயிலில் வேகிறது, மறுபடியும் நனைகிறது. பெட்டிக்குள் முதலிடம் பிடித்த பூச்சு கடற்கரையில் பின்தங்குவது இத்துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம். ஆகவே பெயின்ட் விற்பவரிடம் கேட்கவேண்டியது, சோதனை பெட்டியிலா வெளியிலா என்பதைத்தான். நான் கேட்டேன், அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளுபடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மனத்தை ஆராய்வோருக்கு இந்த வசதி ஏதும் இல்லை, ஏனெனில் அவர்களுடைய தகடு தன்னை வைத்தவரைத் திரும்பிப் பார்க்கிறது. பொறுமை வகுப்புக்காரர்கள் எடுத்துக்காட்டுவது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய புகழ்பெற்ற சோதனையை. இப்போதே ஒரு மிட்டாயைத் தின்னலாம், காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள்; காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் சிறந்து விளங்கினர் என்று 1990இல் வெளிவந்த தொடராய்வு சொன்னது. 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை வைத்து வேறொரு குழுவினர் பார்த்தபோது, அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்தபோது இன்னும் வெகுவாகக் குறைந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ராசெஸ்டரில் நடந்து 2013இல் வெளியான சிறு ஆய்வு. மிட்டாயைக் கொடுப்பதற்கு முன்பே, ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நல்ல வண்ணக்குச்சிகள் தருவதாகச் சொன்னவர் சொன்னபடி கொண்டுவந்தார்; மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம்தான். கலந்துகொண்டவர்கள் 28 பேர்தான் என்பதால் இதையும் அளவோடுதான் நம்பவேண்டும். ஆனாலும் எங்கள் வளவில் வளர்ந்த எவருக்கும் இது வியப்பாக இராது: "பொறு, இன்னொரு ஈடு பணியாரம் வரட்டும்" என்று அப்பத்தா சொன்னால் காத்திருப்போம், அதையே பெரியப்பச்சி சொன்னால் தட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவோம். நூறு உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து 2015இல் வெளியிட்ட கூட்டு முயற்சியில், ஏறக்குறைய 36 விழுக்காடு மட்டுமே மறுபடியும் தெளிவான முடிவைத் தந்தன. இதை அத்துறையின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்து வெளியிட்ட துறையை நான் கூடுதலாகவே மதிக்கிறேன்.

மருத்துவத்தின் இடைஞ்சல் வேறு. உடம்பு பல நேரங்களில் தானாகவே தேறிவிடும். தேறியது மருந்தாலா ஓய்வாலா நல்ல சாப்பாட்டாலா என்று நோயாளியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இதற்கு மருத்துவம் கண்ட வழி, எவருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. அதன் மிகச் சிறந்த உதாரணங்களில் ஒன்று சென்னை சேத்துப்பட்டில் நடந்தது. காசநோய் வந்தவரை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒதுக்கி வைத்து, தட்டும் டம்ளரும் தனியாக்கி, வசதியிருந்தால் சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகள் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு, அனுப்பிய காலம் அது. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஒரே மருந்துகளைக் கொடுத்து, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டிலும் சானடோரியத்திலுமாகப் பிரித்தது. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில், போதாத சாப்பாட்டோடு வாழ்ந்த ஏழைகள். ஆயினும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். உடன் வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நேர்ந்திருந்தது. 1959இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு சானடோரியங்களின் தேவை உலகெங்கும் குறையலாயிற்று.

விரும்பாத முடிவையும் ஆய்வு சொல்லக்கூடும் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டமே சாட்சி. அங்கே 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கடுமையான காசநோயை அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அது போடப்படுகிறது.

இப்போது இந்தியாவில் மருந்தாய்வுகள் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்யப்படவேண்டும். 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2009 முதல் கட்டாயம். முடிவு பிடிக்காமற்போனால் அடையாளமில்லாமல் மறைத்துவிட முடியாதபடி செய்வதே இதன் நோக்கம். உளவியலாளர்களும் தங்கள் சோதனைகளை இப்படி முன்கூட்டியே பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். விளம்பரத்தில் வந்த பொடியின் பெயரைத் தட்டச்சு செய்து தேடினேன். அந்தப் பெயரில் ஒரு பதிவும் வரவில்லை.