மூளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா?

குற்ற விசாரணையில் நடத்தும் மூளை அலைச் சோதனை இப்படித்தான் இருக்கும்: சந்தேகப்படுபவரின் தலை முழுக்க மின்முனைகள் பொருத்திய தொப்பி, எதிரே திரை, அதில் ஒவ்வொன்றாகச் சொற்களும் படங்களும் வந்து போகும். குற்றத்தோடு தொடர்புள்ள படம் வந்தால் சுமார் 300 மில்லி நொடியில் மூளையில் ஓர் அலை எழும், அதை வைத்து 'இவனுக்குத் தெரியும்' என்று சொல்லிவிடலாம் என்பதுதான் கணக்கு. சரி, தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். செய்தவனுக்கும் தெரியும், பார்த்தவனுக்கும் தெரியும், பேப்பரில் படித்தவனுக்கும்தான் தெரியும்!

2010-ல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்தச் சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ சோதனை மூன்றையுமே சம்மதம் இல்லாமல் யார் மீதும் நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு வாய்க்கு மட்டும் இல்லை, மூளைக்கும்தான். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. (காவலில் இருப்பவன் கொடுக்கிற சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்பது வேறு கதை.)

அப்புறம், மூளை அறிவியலே கோர்ட்டுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 18 வயதுக்குள் குற்றம் செய்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கில், பதின்வயதில் மூளையின் முன்பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவச் சங்கங்களே எழுதிக் கொடுத்திருந்தன. அது ஒரு வயதினர் எல்லோரையும் பற்றிய பேச்சு. கூண்டில் நிற்கும் ஒருவன் அன்றைக்கு என்ன நினைத்தான் என்று ஸ்கேனிடம் கேட்டால், அது ஸ்கேன் எடுத்த நாளைத்தான் காட்டும்.