விடத்தலைப் பூவும் நாலுவழிச் சாலையும்

அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் விடத்தலை என்கிற முள்செடி பூத்தால் நின்று பார்க்க ஆளில்லை. வேலிக்கு வெட்டுவார்கள், ஆட்டுக்கு ஒடித்துப் போடுவார்கள், வைரம் பாய்ந்த கட்டை என்றால் மண்வெட்டிக்குக் காம்பு போடுவார்கள். "அதுல பூ எங்க இருக்கு?" என்று என் அத்தையே கேட்டார். இத்தனைக்கும் மாமனார் வீட்டுக் கொல்லை வேலியே விடத்தலைதான்.

நல்ல மழை பெய்து வெறித்திருந்த ஒரு காலையில், குடை பிடிக்க மச்சினன் மகனைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். மழை விட்ட பிறகு எதற்குக் குடை என்று அவன் வழியெல்லாம் கேட்டான். சுள்ளென்ற வெயிலில் அந்தப் பூவின் ரோஸ் நிறம் செல்போன் படத்தில் வெளுத்துப்போகும். நிழல் விழுந்தால்தான் நிறம் நிற்கும். ஒன்பது வயதுப் பையனுக்கு இதில் என்ன அக்கறை இருக்கும்? பரோட்டா வாங்கித் தருவதாகப் பேசி முடித்தேன்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விரல் நீளத்துக்கு ஒரு கொத்து, தலைகீழாகத் தொங்கும். மேல்பாதி முழுக்க ரோஸும் ஊதாவும் கலந்த மெல்லிய இழைகள். கீழ்ப்பாதி அடர்ந்த மஞ்சள். காற்றடித்தால் ஜிமிக்கி மாதிரி ஆடும். மேலே இருப்பவை மலட்டுப் பூக்கள், பகட்டு மட்டும்தான். காய் பிடிக்கிற வேலையெல்லாம் கீழே இருக்கிற மஞ்சளுக்கு. (சில குடும்பங்களிலும் இப்படித்தான் என்று என் மனைவி சொன்னது இங்கே தேவையில்லை.) நாளாக ஆக மேல்பாதி வெளுத்துவிடும் என்பதால், ஒரே செடியில் ரோஸும் வெளிர் ரோஸும் வெள்ளையும் சேர்ந்து தொங்கும். காய்கள் தனிக் கூத்து: ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சுருண்டு கிடக்கும்.

இதைப் படம் எடுப்பதுதான் பாடு. இழையில் ஃபோகஸ் வைத்தால் மஞ்சள் மங்கும், மஞ்சளில் வைத்தால் இழை கலங்கும். இரண்டும் அமைந்த நொடியில் காற்று வரும். நின்றுகொண்டு எடுத்தால் பின்னணியில் இன்னொரு முள்கிளைதான் தெரியும். வானம் வேண்டுமென்றால் செடிக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வேண்டும். பக்கக் கிளை ஒவ்வொன்றின் நுனியும் முள். எழுந்திருக்கும்போது சட்டை முதுகில் பிடிக்கும், அதை எடுத்துவிடப் போனால் கையில் ஏறும். கீழே நெருஞ்சி வேறு.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் ஆடுகளோடு ஒரு பெரியவர் வந்தார்.

"என்ன சாமி, விழுந்துட்டீகளா?"

"இல்லைய்யா. இந்தப் பூவைப் படம் எடுக்கிறேன்."

அவர் பூவைப் பார்த்தார், குடை பிடித்திருந்த பையனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "இதுக்கு எதுக்குப் படுக்கணும்?" என்றபடி தொரட்டியை நீட்டி, நான் காலையிலிருந்து குறி வைத்திருந்த கிளையை ஒரே இழுப்பில் அறுத்துக் கீழே போட்டார். "இப்ப உக்காந்து எடுங்க."

நான் உட்காருவதற்குள் ஆடுகள் உட்காராமலே முடித்துவிட்டன. முள்ளை ஒதுக்கி, இலையையும் பூவையும் உதட்டாலேயே உருவித் தின்கிற அந்த நேர்த்தி இருக்கிறதே, அதைத்தான் நான் வீடியோ எடுத்திருக்க வேண்டும்.

ஆறுதலுக்குப் பெரியவரோடு வரப்பில் உட்கார்ந்து கியூபா கதையைச் சொன்னேன். இதே விடத்தலை அங்கே மாராபூ என்ற பெயரில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடாக மண்டிக் கிடக்கிறது. 2007இல், அப்போது அந்த நாட்டின் தற்காலிக அதிபராக இருந்த ராவுல் காஸ்ட்ரோ மேடையிலேயே, வழியில் கண்டதில் அழகாக இருந்தது மாராபூதான் என்று கிண்டலடித்தார். வெட்டி மாளாமல் கரி மூட்டம் போட்டார்கள். 2017இல் அந்தக் கரி கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. எங்கள் கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலமோ அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன், அந்த ஊர்ல ஆடு இல்லையாக்கும்?"

பையனைத் தேடினால் காணோம். குடை மட்டும் கிடந்தது. நான் ஊருக்குள் நுழைவதற்குள் செய்தி இரண்டாகப் பிரிந்து போயிருந்தது. மேலத்தெருவில், மாப்பிள்ளை முள்ளுக்குள் விழுந்து கிடக்கிறார். அத்தை வேப்பெண்ணெயும் மஞ்சளும் எடுத்து வைத்துவிட்டார். டீக்கடைப் பக்கம், யாரோ ஆபீசர் குடையை நட்டு, படுத்துக்கொண்டே கண்மாய்க் கரையை அளக்கிறார். நாலுவழிச் சாலை வரப்போகிறது.

திண்ணையில் பெரிய மாமா காத்திருந்தார். கண்மாய்க்குக் கீழே அவருக்கு ஒரு கிணறும் கொஞ்சம் நிலமும் உண்டு. "நம்ம ஆளுக கிட்டயே மறைக்கலாமா மாப்ள?" என்றார் நிஜமான வருத்தத்தோடு. "ரோடு எல்லாம் இல்லை மாமா, பூ" என்று சொல்லி, உருப்படியாக வந்திருந்த படத்தைக் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இரண்டு விரலால் பெரிதாக்கினார், ரோஸைத் தாண்டினார், மஞ்சளைத் தாண்டினார், மூலையில் மங்கலாகத் தெரிந்த வரப்பில் வந்து நின்றார்.

"கல்லு நடுற எடம் இதுதானா?"