டி.பி.டி. சேர்க்கையும் தமிழ்நாட்டு டிரான்ஸ்கிரிப்டும்

அமெரிக்காவின் டெக்சாஸில் பிசியோதெரபி லைசென்ஸ் பெற்றுப் பணிபுரிந்துகொண்டே டிரான்சிஷனல் டி.பி.டி.யில் (ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்கள் முனைவர் நிலைப் பட்டம் பெறுவதற்கான படிப்பில்) சேர விரும்பும் நம் ஊர் பி.பி.டி. (இளநிலை பிசியோதெரபி) பட்டதாரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் படிப்பை முடித்துவிட்டேன். ஆனால் சேர்க்கைக்காகத் தமிழ்நாட்டில் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கிறது.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன், இந்தப் பட்டம் உங்களுக்கு எதற்கு என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2015 இறுதியோடு நுழைவுநிலைப் பிசியோதெரபிப் படிப்புகள் (முதன்முறை லைசென்ஸ் பெறுவதற்கான படிப்புகள்) அனைத்தும் டி.பி.டி. ஆகிவிட்டன என்றாலும், ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அது கட்டாயமன்று. டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல், மருத்துவரின் பரிந்துரை இல்லாமலே நோயாளிக்குக் குறிப்பிட்ட காலம் வரை சிகிச்சை அளிக்க வழி ஏற்பட்டுள்ளது. அதற்குரிய தகுதிகளில் ஒன்றாக, முனைவர் நிலைப் பட்டம் அல்லது நோய் வேறுபடுத்தி அறிதலில் (ஒத்த அறிகுறிகள் உள்ள நோய்களைப் பிரித்தறிவதில்) முப்பது மணிநேரத் தொடர்பயிற்சி கேட்கப்படுகிறது. இந்த உரிமை மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், பட்டத்துக்குச் செலவழிக்காமல் அந்த முப்பது மணிநேரத்தை முடித்துக்கொள்வதே சிக்கனம். இன்னொன்று: அமெரிக்காவில் பிசியோதெரபிப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான ‘காப்டே’ அங்கீகரிப்பது நுழைவுநிலைப் படிப்புகளை மட்டுமே, டிரான்சிஷனல் படிப்புக்கு அந்த அங்கீகாரத்தைத் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு நிறுவன அளவிலான அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி ஆவணங்கள். லைசென்ஸுக்காக முன்பே செய்த கல்வி மதிப்பீடு (நம் பட்டம் அமெரிக்கப் படிப்புக்கு நிகரா என்று ஒரு நிறுவனம் பார்த்துத் தரும் அறிக்கை) போதும் என்றுதான் சேர்க்கை அலுவலகத்தில் முதலில் சொன்னார்கள். விண்ணப்பம் பாதி வழியில் இருக்கும்போது, பாடவாரியான புதிய மதிப்பீடும், கல்லூரி முத்திரையிட்ட உறையில் புதிய டிரான்ஸ்கிரிப்டும் வேண்டும் என்றார்கள். மதிப்பெண் பட்டியல் டிரான்ஸ்கிரிப்ட் ஆகாது. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணிநேரம் வகுப்பு, எத்தனை மணிநேரம் செய்முறை, எத்தனை மணிநேரம் மருத்துவமனைப் பயிற்சி என்பது அதில் இருந்தாக வேண்டும்.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், நான் படித்த கல்லூரியின் அலுவலகத்தில் நின்றேன். எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே டி.டி. எடுத்துவரச் சொன்னார், எடுத்துப் போனபோது, அது கல்லூரியின் பெயரில் இருக்கக் கூடாது, அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும் என்றார். முதல் முறையே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க கேக்கலையேம்மா” என்று பதில் வந்தது. பிறகு முதல்வர் ஊரில் இல்லை என்றார்கள். கடைசியில் கைக்கு வந்த தாளில் மணிநேரக் கணக்கே இல்லை. இன்டர்ன்ஷிப்புக்கு எதிரே ‘ஆறு மாதம்’ என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தார்கள். அதை மணிநேரமாக எழுதித் தரும்படி கேட்டால், பழைய பாடத்திட்டம் தங்களிடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

எங்கள் ஆண்டுக்குரிய பாடத்திட்ட நூலைத் தேடிக் கொடுத்தவர் கல்லூரி நூலகர். அந்தப் புண்ணியவதிக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். அதை வைத்துத் துறைத்தலைவர் மணிநேரங்களைக் கணக்கிட்டு, கல்லூரியின் கடிதத்தாளில் கையொப்பமிட்டுத் தந்தார். அலுவலகத்தில் மாதக்கணக்கில் முடியாது என்றிருந்த வேலை, அவருடைய அறையில் ஒரே பிற்பகலில் முடிந்தது.

அதற்குப் பின்னும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. என் பட்டச் சான்றிதழில் தந்தை பெயர் ஒற்றை எழுத்தாக, முன்னெழுத்தாக மட்டுமே இருக்கிறது. பாஸ்போர்ட்டிலும் லைசென்ஸிலும் அவர் பெயர் முழுமையாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவைதான் என்பதற்கு மதிப்பீட்டு நிறுவனம் சான்று கேட்டது. நல்லவேளையாக, ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி வைத்திருந்தேன். நம்மில் பெரும்பாலோருக்கு இந்தச் சிக்கல் வரும் என்பதால், ஊரில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

உறையைக் கையில் வாங்கியவுடன், மடிப்பின் மேல் முத்திரையும் கையொப்பமும் குறுக்காக விழுந்திருக்கின்றனவா என்று அந்த மேசையின் முன்னாலேயே நின்று பாருங்கள். எனக்கு முதலில் ஒட்டாத உறையைத்தான் நீட்டினார்கள். ஒன்று கேட்கும் இடத்தில் நான்கைந்து உறைகளாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒருமுறை பிரித்த உறையை எவரும் ஏற்பதில்லை.

சேர்ந்த பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இணையவழிப் பாடங்களை வேலை முடிந்த இரவுகளில் படித்தேன். மருந்தியலும் படிமவியலும் (எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றிய பாடம்) பயனுள்ளவை. ஆனால் நோய் வேறுபடுத்தி அறியும் பாடத்துக்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன். பரிந்துரைச் சீட்டு இல்லாமல் முதுகுவலி என்று வருபவரின் வலி முதுகெலும்பினுடையதா, வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தினுடையதா என்று ஐயப்படவும், கெண்டைக்கால் வலியை நீவிவிடுவதற்கு முன் ஆழ்சிரை இரத்த உறைவை நினைக்கவும், உடனே மருத்துவரிடம் அனுப்பவும் அது பழக்கியது. பி.பி.டி.யில் இவை தொட்டுச் செல்லப்பட்டன; அப்போது நமக்கு முன்னால் எப்போதும் ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்திருந்தார்.

துறைத்தலைவர் கையொப்பமிட்ட மணிநேரக் கடிதத்தையும் பாடத்திட்டத்தின் பக்கங்களையும் ஸ்கேன் செய்து என் ஆண்டுத் தோழிகள் அனைவருக்கும் அனுப்பிவிட்டேன். அவர்களில் ஒருவர் அதே அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டி, மணிநேரக் கணக்கோடு கூடிய டிரான்ஸ்கிரிப்டை அதே வாரத்தில் வாங்கிவிட்டார்.