டிஸ்க் இல்லாவிட்டால் ராஸ்ப்பெரி பை எழுந்திருக்காத கதை

வீட்டில் லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினியான ராஸ்ப்பெரி பையில் யூஎஸ்பி டிஸ்கைச் செருகினால் தானாக மவுண்ட் ஆக வேண்டும் (அதாவது ஒரு ஃபோல்டராகத் திறக்க வேண்டும்), ராத்திரி போட்டோக்கள் அதில் காப்பி ஆக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். டெஸ்க்டாப் உள்ள லினக்ஸில் இதையெல்லாம் யூடிஸ்க்ஸ் என்ற சேவை பார்த்துக்கொள்ளும். என்னுடையது டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு.

முதலில், செருகும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவுக்கு ஒரு விதி எழுதி, அதிலிருந்து மவுண்ட் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டேன். டிஸ்கைச் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது! கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், இரண்டு ராத்திரி போனது. யூடெவ் ஒரு கூண்டுக்குள் ஓடுகிறதாம். எல்லா உரிமையும் உள்ள ரூட்டாகவே இருந்தாலும் அங்கிருந்து மவுண்ட் செய்ய விடாது. அதன் மேனுவலிலேயே இது எழுதியிருக்கிறது. யார் படித்தது?

சரி என்று, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்கின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டு ஒரு வரி சேர்த்தேன். (எஸ்டிஏ1 என்று சிஸ்டம் வைக்கும் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்னொரு டிஸ்கைச் செருகினால் பெயர் மாறிவிடலாம்.) வேலை செய்தது. ஒரு நாள் டிஸ்கைக் கழற்றி வைத்திருந்தபோது கரன்ட் போய் வந்தது. அதற்கப்புறம் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) வரவே இல்லை. டிவியில் மாட்டிப் பார்த்தால், டிஸ்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடுக்குப் போய், ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று கைவிரித்து நிற்கிறது. சிஸ்டம் இருக்கும் எஸ்டி கார்டைப் பிடுங்கி லேப்டாப்பில் போட்டு, அந்த வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ) சேர்த்த பிறகுதான் எழுந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து கார்டு நிரம்பிவிட்டது. நிரம்பிய அளவைச் சொல்லும் டிஎஃப் 100 சதவீதம் என்கிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டால் பாதிகூட வரவில்லை. கடைசியில் டிஸ்கை அன்மவுண்ட் செய்தபோது குட்டு வெளிப்பட்டது. டிஸ்க் இல்லாத ராத்திரிகளில் காப்பி ஸ்கிரிப்ட் காலி ஃபோல்டரில், அதாவது கார்டிலேயே எழுதித் தள்ளியிருக்கிறது. மேலே டிஸ்க் மவுண்ட் ஆனதும் அதெல்லாம் அடியில் மறைந்துவிட்டது. நோஃபெயில் மட்டும் போட்டு நிறுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இப்போது அந்த வரியில் நோஃபெயிலோடு 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' இருக்கிறது, டிஸ்குக்காகக் காத்திருக்கும் டிவைஸ் டைம்அவுட் 10 விநாடி. ஃபோல்டரைத் தொட்டால்தான் மவுண்ட் ஆகும். டிஸ்க் இல்லையென்றால் பிழை வரும், கார்டில் ஒரு பைட்கூட விழாது. வரியைத் திருத்தியதும் அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்க 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' ஓட்டிவிட்டு, மாற்றத்தைச் சிஸ்டம் மறுபடி படிக்க சிஸ்டம்சிடிஎல்லில் டீமன்-ரீலோடு கொடுங்கள். முதலாவதைச் செய்யாமல் ரீபூட் செய்யும் துணிச்சல் எனக்கு இனி இல்லை.

நேற்று வேண்டுமென்றே டிஸ்கைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்தேன். எஸ்எஸ்ஹெச் வந்தது. ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ் போட்டேன். பத்து விநாடி யோசித்துவிட்டு, அப்படி ஒரு டிவைஸே இல்லை என்றது.