அப்பா பேரு என்ன?

நேற்று சாயங்காலம் மார்த்தாண்டத்தில் மீன் வாங்கிவிட்டு வரும் வழியில் ஒரு வண்டி சோதனை. எனக்கு முன்னால் பைக்கில் வந்தது கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் பையைத் திறந்து, டிபன் பாத்திரத்தின் மூடியைக்கூடக் கழற்றிக் காட்டினான். என் முறை வந்தது. “எந்த ஊரு? அப்பா பேரு என்ன?” நம்ம ஊரில் அப்பா பேரைக் கேட்டால் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். “சரி, போங்க.” என் சாளை மீன் பொதியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டில் ஏறியது வண்டி நம்பர் மட்டும்.

கலிபோர்னியாவில் 2015இல் ஒரு சட்டம் போட்டார்கள். போலீஸ் ஒருவரை நிறுத்தினால், அவர் எந்த இனம் என்று தங்கள் கண்ணுக்குத் தோன்றியதைப் பதிய வேண்டும். அவரிடமே கேட்கக் கூடாது. முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அதுதான் சரி. பாரபட்சம் பார்க்கிறவர் கண்ணில்தானே இருக்கிறது, ஆதார் அட்டையிலா? ஏன் நிறுத்தினார்கள், சோதனையில் என்ன கிடைத்தது என்பதும் கூடவே பதிவாகும்.

இங்கே போலீஸ் நோட்டில் சாதிக்கு அப்படி ஒரு கட்டம் வைத்தால்? எனக்குப் பயம்தான். சிறைப் பதிவேட்டில் இருந்த சாதிப் பத்தியை நீக்கச் சொல்லி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. யார் கையில் துடைப்பம், யார் கையில் கரண்டி என்பதைச் சாதி பார்த்துப் பிரித்த வழக்கு அது. ஆனால் எங்கும் எழுதாமலே கேட்கிற இந்த அப்பா பேரை எந்தக் கோர்ட்டில் நீக்குவது?

வளைவில் திரும்பும்போது பார்த்தேன், அந்தப் பையன்கள் இன்னும் அங்கேயே நின்றார்கள்.