தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் அரசிதழும்

பிறப்புச் சான்றிதழில் நான் பிச்சைமுத்து. பள்ளியில் சேர்க்கப் போனபோது, "பையன் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?" என்று தலைமையாசிரியர் அப்பாவைக் கேட்டுவிட்டு, முத்துக்குமார் என்று எழுதிக்கொண்டார். நாற்பது வருடம் இரண்டு பெயரும் சண்டையில்லாமல் இருந்தன. பாஸ்போர்ட் எடுக்கப் போனதும் வந்தது வினை. இருவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு அரசிதழில், அதாவது அரசாங்க கெஜட்டில், பெயர் மாற்ற அறிவிப்பு வர வேண்டுமாம்.

படிவம் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. சான்றிதழ் நகல்களைச் சேர்ப்பதும் பெரிய வேலையில்லை. சான்றொப்பத்துக்குத்தான் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் "நாளைக்கு வாங்க". நான்காம் நாள் நோட்டரியிடம் போனேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

பெயர் மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. "நியூமராலஜின்னு போடுங்க சார்" என்றான் ஜெராக்ஸ் கடைப் பையன். "சுந்தர் பிச்சையே மாத்தலையே, உங்களுக்கு என்ன?" என்று வேறு கேட்டான். அவருக்கு அது அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. எனக்கு எங்கிருந்து வந்தது?

அத்தையிடம் கேட்டேன். "உனக்கு முன்னாடி மூணு பிள்ளை தங்கலடா. நீ பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரி மடியில போட்டுட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கினோம். பிச்சையா வந்த பிள்ளைன்னா எமன் சீண்ட மாட்டான்."

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுவார்கள். என் விஷயத்தில் அது நிஜமாகவே நடந்திருக்கிறது! குப்பைமேட்டில் கிடத்தி எடுத்த பிள்ளை குப்பன், குப்பம்மாள். மூக்கு குத்தி வைத்த பிள்ளை மூக்கன், மூக்கம்மாள். எல்லாம் இதே பயத்தில் வைத்த பெயர்கள். பக்கத்து வீட்டம்மா சாகும்வரை தீபாவளிக்குத் தவறாமல் எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சரி, காரணம்? 'பள்ளிச் சான்றிதழ்களில் உள்ள பெயரோடு ஒத்திருக்க' என்று எழுதினேன். பொய்யில்லை. அரசிதழில் வந்துவிட்டது, பாஸ்போர்ட்டும் கிடைத்துவிட்டது. அரசிதழ் பிரதியை மட்டும் பத்திரமாக வையுங்கள், வங்கி முதல் ஆதார் வரை கேட்கிறார்கள்.

நிலத்துப் பட்டாவில் இன்னும் பிச்சைமுத்துதான். மாற்றச் சொல்லி மனு எழுதிவைத்து ஆறு மாதமாகிறது. கொடுக்கத்தான் இன்னும் போகவில்லை.